செய்நிரல் மொழியின் நியம நூலகமும் அதன் உசாத்துணை ஆவணப் பராமரிப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
(செய்நிரலாக்கம், முறைமை விருத்தி ஆகிய அலகுகளுடன் சேர்த்துக் கற்க)



முதலில் ஒரு சிறு கணக்கைச் செய்துபாருங்கள். உங்கள் வகுப்பின் தவணைப் பரீட்சைப் புள்ளி அட்டவணையைத் தயாரிப்பதற்குப் பஸ்கால் மொழியில் ஒரு செய்நிரல் எழுதுகிறீர்கள். ஒரு மாணவி முதலாம் வினாத்தாளில் 36 புள்ளிகளும் இரண்டாம் வினாத்தாளில் 33 புள்ளிகளும் பெற்றுள்ளார். சராசரி 34.5 ஆகும். கணித பாடத்தில் நீங்கள் கற்ற முறைப்படி மட்டந்தட்டினால் 35 வரும். 35 எனின் எஸ் தரம், அதாவது சித்தி. செய்நிரலில் நீங்கள் ரவுண்ட் என்னும் சார்பைப் பயன்படுத்துகிறீர்கள். ஃபிரீ பஸ்கால் தொகுப்பானில் ரவுண்ட்(34.5) தரும் விடை 34. மாணவிக்கு டபிள்யூ தரம் பதிவாகிவிடும்.

மறுபடியும் இயக்கிப் பார்த்தாலும் 34 தான் வரும். கணினி பழுதாகவில்லை. தொகுப்பானிலும் வழு இல்லை. ரவுண்ட் எவ்வாறு செயற்படும் என்பது அதன் உசாத்துணை ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளது; செய்நிரல் எழுதியவர் அதை வாசிக்கவில்லை. அந்த ஆவணம் என்ன, அதை யார் எழுதுகிறார்கள், அதை ஏன் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. நியம நூலகம்

ஒரு செய்நிரல் மொழியை இரண்டு பகுதிகளாக நோக்கலாம். ஒன்று மொழியின் இலக்கணம். பிகின், என்ட், இஃப், வைல் போன்ற சொற்களை எந்த ஒழுங்கில் எழுத வேண்டும் என்பதை அது கூறும். மற்றையது, எல்லோருக்கும் தேவைப்படும் வேலைகளுக்காக முன்னரே எழுதி மொழியுடன் சேர்த்து வழங்கப்படும் துணைச் செய்நிரல்களின் தொகுதி. வர்க்கமூலம் காணல், மட்டந்தட்டல், சரத்தின் நீளம் காணல், கோப்பைத் திறத்தல் போன்றவை இதில் அடங்கும். இத்தொகுதியே நியம நூலகம் எனப்படும்.

தமிழ் பாடத்துடன் ஒப்பிட்டால் எளிதில் விளங்கும் (நான் கலைப் பட்டதாரி, எனக்கு இந்த வழிதான் முதலில் தோன்றும்). சொற்கள் எவ்வாறு புணரும், வாக்கியம் எவ்வாறு அமையும் என்பதை நன்னூல் சொல்லும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அறிய நிகண்டையோ அகராதியையோ பார்க்க வேண்டும். மொழியின் வரையறை நூல் நன்னூலைப் போன்றது. நியம நூலகத்தின் உசாத்துணை ஆவணம் அகராதியைப் போன்றது.

இலக்கணம் அடிக்கடி மாறாது. அகராதியோ ஒருபோதும் முடிவதில்லை. வீரமாமுனிவர் 1732 இல் சதுரகராதியை முடித்தார். அதன்பின் எத்தனை அகராதிகள் வந்தன என்பதை அறிவீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 தொடக்கம் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. முடிந்தவுடனேயே அதற்கு ஓர் அனுபந்தமும் தேவைப்பட்டது. நியம நூலகத்தின் ஆவணத்துக்கும் இதே நிலைதான். வேறுபாடு ஒன்று உண்டு. அகராதியில் ஒரு பொருள் தவறிப்போனால் வாசகர் சந்தர்ப்பத்தைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். கணினி ஊகிக்காது.

ஃபிரீ பஸ்காலில் நூலகம் அலகுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிஸ்டம் என்னும் அலகு ஒவ்வொரு செய்நிரலிலும் தானாகவே சேரும். ரவுண்ட், ட்ரங்க், லெங்த், ஸ்குவெயர் ரூட் என்பவற்றை நீங்கள் எதுவும் அறிவிக்காமலே பயன்படுத்த முடிவது அதனால்தான். வலு காணும் பவர், இரு எண்களில் பெரியதைத் தரும் மக்ஸ் போன்றவை மத் என்னும் அலகில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த வேண்டுமாயின் செய்நிரலின் தொடக்கத்தில் யூசஸ் என்ற சொல்லுடன் அலகின் பெயரை எழுத வேண்டும். எந்தச் சார்பு எந்த அலகில் உள்ளது என்பதைச் சொல்வதும் உசாத்துணை ஆவணமே.

2. கைந்நூல் வேறு, உசாத்துணை வேறு

பஸ்கால் மொழியை 1970 இல் வெளியிட்டவர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் கற்பித்த பேராசிரியர் நிக்லவுஸ் விர்த் (இவர் 2024 ஜனவரி 1 இல் காலமானார்). அவரும் கத்லீன் ஜென்சனும் 1974 இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே இரண்டு பகுதிகள் உள்ளன: பயனர் கைந்நூல், அறிக்கை. கைந்நூல் மாணவனுக்குப் படிப்படியாகக் கற்பிக்கிறது. அறிக்கை எதையும் கற்பிப்பதில்லை. இது இவ்வாறு, அது அவ்வாறு என்று சுருக்கமாக வரையறுக்கிறது.

இந்த வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பாடநூல் கைந்நூல் வகையைச் சார்ந்தது. முதலாம் பக்கத்திலிருந்து வாசிப்பதற்காக எழுதப்பட்டது. உசாத்துணை ஆவணத்தை யாரும் முதலாம் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. கண்டிப் புகையிரத நிலையத்தில் நேர அட்டவணைக்கு முன் நிற்பவர் எல்லா வண்டிகளையும் மனனம் செய்கிறாரா? தமக்குரிய ஒரு வரியைத் தேடுகிறார். அந்த ஒரு வரி சரியாக இருக்க வேண்டும். மற்ற எல்லா வரிகளும் சரியாக இருந்து அந்த வரி மட்டும் கடந்த வருடத்தது எனின், அவரைப் பொறுத்தவரை அட்டவணை முழுவதும் பிழை.

3. ஒரு பதிவை வாசிக்கும் முறை

தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு இங்கே ஓர் உண்மையான இடர்ப்பாடு உண்டு. இந்த ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவும் ஒரே அமைப்பைக் கொண்டிருப்பதால், தலைப்புகளின் கருத்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஃபிரீ பஸ்கால் ஆவணத்தில் ஒரு சார்புக்குரிய பதிவில் முதலில் ஒரு வரிச் சுருக்கம் வரும். அடுத்து அறிவிப்பு: சார்பு ஏற்கும் பரமானம் எந்தத் தரவு வகை, திருப்பும் பெறுமானம் எந்தத் தரவு வகை என்பதை அது காட்டும். பின்னர் விவரணம், வழுக்கள், ‘இதையும் பார்க்க’ என்ற பகுதி, இறுதியில் ஓர் உதாரணச் செய்நிரல்.

ரவுண்ட் சார்பின் பதிவைத் தமிழில் சுருக்கினால் இவ்வாறு வரும்:

சுருக்கம்: மெய்யெண்ணை அதற்கு அண்மையிலுள்ள நிறைவெண்ணுக்கு மட்டந்தட்டும்.
ஏற்பது: மெய்யெண். திருப்புவது: இன்ட்64 வகை நிறைவெண்.
விவரணம்: தசமப் பகுதி சரியாக .5 ஆக இருப்பின், அண்மையிலுள்ள இரட்டை எண்ணுக்கு மட்டந்தட்டப்படும்.
இதையும் பார்க்க: ஃபிராக், இன்ட், ட்ரங்க்.

விவரணத்தின் வரியைக் கவனியுங்கள். இம்முறைக்கு வங்கியாளர் மட்டந்தட்டல் என்று பெயர். 34.5 க்கு இருபுறமும் 34, 35 உள்ளன. இரட்டை எண் 34. ஆகவே விடை 34. இதே விதிப்படி 74.5 ஆனது 74 ஆகும். ஏ தரம் பி ஆகிவிடும். 64.5 ஆனது 64 ஆகும். பி தரம் சி ஆகிவிடும். ஆனால் 49.5 ஆனது 50 ஆகும். அந்த மாணவருக்கு மட்டும் சி தரம் கிடைத்துவிடும். ஒரே வகுப்பில் ஒருவர் ஏற, மற்றவர் இறங்குகிறார்.

‘அப்படியாயின் ஏன் இந்த விதியை வைத்தார்கள்?’ என்று நீங்கள் கேட்பது நியாயமே. 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கு எண்களைக் கூட்டுங்கள். 8 வரும். ஒவ்வொன்றையும் மேல்நோக்கி மட்டந்தட்டிக் கூட்டினால் 1+2+3+4 = 10. இரட்டை எண்ணுக்கு மட்டந்தட்டிக் கூட்டினால் 0+2+2+4 = 8. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கமாகச் சேராமல் இருப்பதற்கே இந்த விதி. கூட்டுத்தொகை பார்ப்பவருக்கு இது நல்ல விதி. தனி ஒரு மாணவரின் தரத்தைப் பார்ப்பவருக்கு இது பொருந்தாது.

இன்னுமொரு விடயம். பஸ்காலுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 7185 முதலில் 1983 இல் வெளியானது. அந்த நியமத்தில் நேர் எண்ணொன்றின் ரவுண்ட் என்பது, அவ்வெண்ணுடன் 0.5 ஐக் கூட்டி ட்ரங்க் எடுப்பதற்குச் சமன். அதன்படி 34.5 க்கு விடை 35. ஆகவே ‘பஸ்காலில் ரவுண்ட்(34.5) எவ்வளவு?’ என்ற கேள்விக்கு, எந்தத் தொகுப்பான் என்று தெரியாமல் விடை கூற இயலாது. பரீட்சையில் இத்தகைய .5 எண்ணைக் கேட்பது அரிது. எனினும் உங்கள் செய்நிரலில் நீங்களே தீர்வு காணலாம். ரவுண்ட்(சராசரி) என்பதற்குப் பதிலாக ட்ரங்க்(சராசரி + 0.5) என எழுதுங்கள். 34.5 + 0.5 = 35.0, ட்ரங்க் 35 ஐத் தரும். புள்ளிகள் மறை எண்ணாக வராததால் இது எல்லா மாணவருக்கும் சரியாக இருக்கும்.

குறிப்பு: ட்ரங்க், இன்ட் இரண்டும் தசமப் பகுதியை வெட்டிவிடும். ட்ரங்க்(7.9) திருப்புவது நிறைவெண் 7. இன்ட்(7.9) திருப்புவது மெய்யெண் 7.0. நிறைவெண் மாறியொன்றுக்கு இன்ட் இன் விடையை ஒப்படைத்தால் தொகுப்பான் ஏற்காது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் அறிவிப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

4. பராமரித்தல்

முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் பராமரிப்பு என்பது இறுதிக் கட்டம் எனப் படித்துள்ளீர்கள். ஆவணத்துக்கும் பராமரிப்பு உண்டு. ஆவணம் தானாகப் பழுதாவதில்லை. அது விவரிக்கும் பொருள் மாறுவதால்தான் பழையதாகிறது.

ஃபிரீ பஸ்கால் திட்டத்தை 1993 இல் ஃபுளோரியன் கிளேம்ப்ஃல் தொடங்கினார். அதன் ஆவணங்களில் பெரும்பகுதியை மைக்கேல் வான் கன்னேட் எழுதினார். இத்திட்டத்தில் ஆவண வாசகங்கள் மூலநிரலுக்குள் எழுதப்படுவதில்லை. தனிக் கோப்புகளில் வைக்கப்படுகின்றன. இதனால் மூலநிரல் நீண்ட விளக்கங்களால் நிரம்பாமல் வாசிக்க இலகுவாக உள்ளது. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் புதிய சார்பொன்றைச் சேர்த்துவிட்டு ஆவணக் கோப்பைத் தொடாமல் போகலாம். இதற்காக மேக்ஸ்கெல் என்னும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். அது மூலநிரலை வாசித்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் வெற்றுப் பதிவு ஒன்றை உருவாக்கும். ஏற்கனவே ஆவணம் இருப்பின், விடுபட்ட பெயர்களுக்கு மட்டும் வெற்றுப் பதிவு தரும்படியும் அதனிடம் கேட்கலாம். வரவு இடாப்பில் இன்று வராதவர்களை மட்டும் பட்டியலிடுவதைப் போன்றது இது. ஆயினும் கருவி வெற்றிடத்தை மட்டுமே காட்டும். ‘.5 வந்தால் என்ன நடக்கும்’ என்ற வாக்கியத்தை ஒரு மனிதர்தான் எழுத வேண்டும்.

உயர்தரத்தில் இப்பாடத்தைத் தெரிவு செய்வோர் பைதன் மொழியைக் கற்பீர்கள். அங்கே முறை சற்று வேறு. நூலகத்தின் மூலநிரலும் ஆவணமும் ஒரே களஞ்சியத்தில் உள்ளன. சார்பை மாற்றுபவர் அதே மாற்றத்துடன் ஆவணத்தையும் திருத்தி அனுப்பலாம். சரிபார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பார். எனது அபிப்பிராயத்தில் இம்முறையே மேலானது. மறதிக்கு இடம் குறைவு.

பைதன் ஆவணத்தில் மாற்றங்களுக்கு இத்தகைய அடையாளக் குறிப்புகள் உண்டு: ‘இப்பதிப்பில் சேர்க்கப்பட்டது’, ‘இப்பதிப்பில் மாற்றப்பட்டது’, ‘இப்பதிப்பு முதல் கைவிடப்படுகிறது’. ரவுண்ட் சார்பே இங்கும் உதாரணம். பைதன் 2 இல் ரவுண்ட்(2.5) தந்த விடை 3.0. 2008 டிசெம்பரில் வெளியான பைதன் 3.0 இல் அதே கட்டளை 2 ஐத் தந்தது; இரட்டை எண் விதிக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் மாறவில்லை, எழுதும் முறையும் மாறவில்லை, விடை மட்டும் மாறியது. இத்தகைய மாற்றமே மிக ஆபத்தானது. ஏனெனில் கணினி எந்த வழுச்செய்தியும் காட்டாது. பழைய பதிப்பைப் பயன்படுத்துவோருக்குப் பழைய ஆவணமும் தேவை என்பதால், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஆவணம் பேணப்படுகிறது. பைதன் 2.7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 இல் முடிவடைந்தபோதும் அதன் ஆவணம் அழிக்கப்படவில்லை.

நூலகத்திலிருந்து ஒன்றை நீக்கும்போதும் ஆவணமே முதலில் பேசும். பழையவையாகிப்போன 19 பகுதிகள் 2022 ஒக்டோபரில் வெளியான பைதன் 3.11 இல் ‘கைவிடப்படுகிறது’ எனக் குறிக்கப்பட்டன. 3.12 இல் அக்குறிப்புடனேயே இருந்தன. 2024 ஒக்டோபரில் வெளியான 3.13 இல் நீக்கப்பட்டன. எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் இடையில் இரண்டு வருடங்கள். ஆவணத்தை வாசித்தவர்களுக்கு அவகாசம் இருந்தது.

உதாரணங்கள் சரியா எனப் பார்ப்பதற்கும் வழி உண்டு. டொக்டெஸ்ட் என்னும் கருவி 2001 இல் வந்த பைதன் 2.1 முதல் நியம நூலகத்திலேயே உள்ளது. அது ஆவணத்தில் எழுதப்பட்ட உதாரணங்களை உண்மையாகவே இயக்கி, அருகில் எழுதப்பட்டுள்ள விடையுடன் ஒப்பிடும். வேறுபட்டால் அறிவிக்கும். வினா-விடைப் புத்தகங்களுக்கும் இப்படி ஒரு கருவி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

5. ‘கண்டி’ என்ற சொல்லின் நீளம்

இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டும் அல்லாமல், தமிழர் என்ற முறையிலும் வாசியுங்கள்.

‘கண்டி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? க, ண், டி என மூன்று. இச்சொல்லை யுனிகோட் முறையில், யு.டி.எஃப்-8 கோப்பாகச் சேமித்த ஃபிரீ பஸ்கால் செய்நிரலில் சாதாரண சரமாகக் கொடுத்து லெங்த் காணுங்கள். விடை 15. பைதன் 3 இல் லென் என்ற சார்பிடம் கேளுங்கள். விடை 5.

மூன்றும் சரியானவையே. யுனிகோட்டில் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிக் குறியீடு உண்டு. இகரக் குறிக்கும் தனிக் குறியீடு உண்டு. ஆகவே க, ண, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து குறியீடுகள். பைதன் 3 எண்ணுவது இவற்றையே. யு.டி.எஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைற் இடம் பிடிக்கும். 5 × 3 = 15. ஃபிரீ பஸ்கால் எண்ணியது பைற்றுகளை. நன்னூல் படித்த நாம் எண்ணியது எழுத்துகளை.

ஆவணத்தில் ‘சரத்தின் நீளத்தைத் திருப்பும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது போதும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறியீடு, ஒரு பைற். அவருக்கு மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றே. தமிழில் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் நமக்கு அது போதாது. எதன் நீளம் என்று சொல்ல வேண்டும். ஒரு பதிவு குறைபாடுடையதா என்பது யார் வாசிக்கிறார் என்பதையும் பொறுத்தது. ஆகவே புதிய வாசகர்கள் வரும்போதும் ஆவணம் திருத்தப்பட வேண்டியதாகிறது.

இக்குறையை நிரப்பத் தமிழர்களே முயன்றுள்ளனர். ‘எழில்’ என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைதன் நூலகத்தில், ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் சார்பு உள்ளது. அதனிடம் ‘கண்டி’ என்று கொடுத்தால் மூன்று எழுத்துகள் கிடைக்கும்.

6. உங்கள் செயற்றிட்டத்தில்

நீங்கள் எழுதும் துணைச் செய்நிரல்களும் ஒரு சிறு நூலகமே. ஒவ்வொன்றின் தலையிலும் நெளி அடைப்புக்குறிக்குள் மூன்று வரிகள் எழுதுங்கள்: என்ன செய்கிறது, எதை ஏற்று எதைத் திருப்புகிறது, எந்தப் பெறுமானத்துக்கு வழு வரும். செய்நிரலை மாற்றும் அன்றே அந்த வரிகளையும் மாற்றுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் அது நடக்காது. வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள், கம்பளையிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வந்தாலும், ஃபிரீ பஸ்கால் ஆவணத்தைப் பாடசாலைக் கணினிகூடத்தில் ஒருமுறை பி.டி.எஃப். கோப்பாகப் பதிவிறக்கி நினைவகக் குச்சியில் எடுத்துச்செல்லலாம். அதன்பின் இணையம் தேவையில்லை. பதிவிறக்கும் ஆவணத்தின் பதிப்பு எண்ணும் தொகுப்பானின் பதிப்பு எண்ணும் ஒன்றா எனப் பாருங்கள்.

மாதிரி வினாக்கள்

(1) பயனர் கைந்நூலுக்கும் உசாத்துணை ஆவணத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றைக் கூறுக.
விடை: கைந்நூல் படிப்படியாகக் கற்பிப்பதற்காக எழுதப்படும். உசாத்துணை ஆவணம் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே வரையறுக்கும். தேவையான பதிவை மட்டும் தேடி வாசிக்கலாம்.

(2) ஒரு மாணவரின் சராசரி 64.5. ஃபிரீ பஸ்காலில் ரவுண்ட், ட்ரங்க்(சராசரி + 0.5) ஆகிய இரண்டும் தரும் விடைகளை எழுதி, வேறுபாட்டுக்கான காரணத்தைத் தருக.
விடை: முறையே 64, 65. ரவுண்ட் .5 ஐ அண்மையிலுள்ள இரட்டை எண்ணுக்கு மட்டந்தட்டும். மற்றையது 65.0 இன் தசமப் பகுதியை வெட்டுகிறது.

(3) ‘சார்பின் பெயரும் பரமானங்களும் மாறாமல், திருப்பும் பெறுமானம் மட்டும் புதிய பதிப்பில் மாறுவது ஆபத்தானது.’ காரணம் தருக.
விடை: பழைய செய்நிரல் வழுச்செய்தி எதுவுமின்றித் தொடர்ந்து இயங்கும். ஆவணத்தில் மாற்றம் குறிக்கப்படாவிடின் பயனர் பிழையை அறிய வழியில்லை. உதாரணம்: பைதன் 2, பைதன் 3 ஆகியவற்றில் ரவுண்ட்(2.5).

(4) ‘பேராதனை’ என்ற சொல்லில் உள்ள தமிழ் எழுத்துகள், யுனிகோட் குறியீடுகள், யு.டி.எஃப்-8 பைற்றுகள் ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் காண்க.
விடை: எழுத்துகள் 4: பே, ரா, த, னை (எழுத்து எண்ணும்போது உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது). குறியீடுகள் 7: ப, ஏகாரக் குறி, ர, ஆகாரக் குறி, த, ன, ஐகாரக் குறி. பைற்றுகள் 7 × 3 = 21.